வேர்ல்ட் சீரீஸ் (அமெரிக்க பேஸ்பால் ஃபைனல்) 5-வது ஆட்டம்: 5 ரன் குடுத்தும் பிட்சர் கெரிட் கோல் கணக்குல 0

31 அக்டோபர் 2024, குடும்பக் குழு

கார்த்தி: எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள் 🪔 டாட்ஜர்ஸ் 7, யாங்கீஸ் 6. சீரீஸ் 4-1.

பிரியா அக்கா: இன்னிங்ஸ் வாரியா போடுப்பா.

கார்த்தி:
டாட்ஜர்ஸ் 0 0 0 0 5 0 0 2 0
யாங்கீஸ் 3 1 1 0 0 1 0 0 0

நிலா: மாமா, யாங்கீஸ் பிட்சர் (பந்து போடுறவர்) கெரிட் கோல் 6.2 இன்னிங்ஸ், 4 ஹிட், 5 ரன், எர்ன்டு ரன் (பிட்சர் தலையில ஏறுற ரன்) 0-ன்னு போட்டிருக்கு. அது எப்படி?

சேகர் மாமா: 5-வது இன்னிங்ஸ்ல இருக்கும்மா விஷயம். கிக்கே ஹெர்னாண்டஸ் சிங்கிள் (முதல் பேஸ் வரைக்கும் போற ஹிட்). டாட்ஜர்ஸுக்கு அதான் முதல் ஹிட்டே. அடுத்து எட்மன் அடிச்சது சென்டர் ஃபீல்டுல ஜட்ஜ் க்ளவுக்கே போச்சு, விட்டுட்டாரு, ஃபீல்டரோட தப்பு. எரர். ஸ்மித் அடிச்சத வோல்பி எடுத்து மூணாவது பேஸுக்கு எறிஞ்சாரு, பந்து தரையில குத்திருச்சு. இன்னொரு எரர். பேஸ் மூணும் ஃபுல், ஒரு அவுட் கூட இல்ல.

சேகர் மாமா: அப்புறம் லக்ஸ், ஓட்டானி ரெண்டு பேரையும் கோல் ஸ்ட்ரைக் அவுட் பண்ணாரு. ஸ்கோரர் இப்ப எரர் நடக்காத மாதிரி திரும்பக் கணக்குப் போடுவாரு. எட்மன் 1, வோல்பி எறிஞ்சதுல 2, லக்ஸ் 3. மூணு அவுட், இன்னிங்ஸ் அங்கயே முடிஞ்சுது. அதுக்கப்புறம் வந்த 5 ரன்னும் பிட்சர் தலையில ஏறாது.

பிரியா அக்கா: ஆனா அடுத்த பந்து கோல் தப்புதானே மாமா! பெட்ஸ் அடிச்சது முதல் பேஸ் பக்கம் ரிஸோகிட்ட போச்சு. கோல் பேஸுக்கு ஓடவே இல்ல, ரிஸோவப் பாத்து கையக் காட்டிட்டு நின்னுட்டாரு.

சேகர் மாமா: ஆமா. ஆனா பந்த விட்டாலோ தப்பா எறிஞ்சாலோதான் எரர். ஓடாம நின்னா விதிப்படி எரர் கிடையாது, அதனால பெட்ஸுக்கு ஹிட். ஒரு ரன் உள்ள வந்துச்சு. ஃப்ரீமன் சிங்கிள்ல 2, டியோஸ்கர் டபுள்ல (ரெண்டாவது பேஸ் வரைக்கும் போற ஹிட்) 2. 5-5.

கார்த்தி: அந்தப் பக்கம் பந்து போனாலே பிட்சர் கால் கிளம்பிடணும். பேஸப் பாத்து நேரா ஓடக்கூடாது. கோட்டுக்குப் போய், கோட்ட ஒட்டி மேல ஏறி பேஸ மிதிக்கணும், இல்லன்னா ரன்னரோட மோதிடும். பந்து சுழண்டு வந்ததால ரிஸோ நின்னு வாங்க வேண்டியதாச்சு, தனியா ஓடி மிதிக்க நேரமில்ல.

பிரியா அக்கா: அதான் சொல்றேன். அந்த 0-வ மட்டும் பாத்தா இது எதுவும் தெரியாது. ப்ளே-பை-ப்ளேயும் சேத்துப் படிக்கணும் நிலா.

நிலா: சரிக்கா. ERA (9 இன்னிங்ஸுக்கு எத்தன எர்ன்டு ரன்) போடறப்ப 6.2-ன்னே அடிக்கலாமா?

சேகர் மாமா: கூடாது. 6.2-ன்னா 6 இன்னிங்ஸ், 2 அவுட். 6.667-ன்னு அடி. முதல் ஆட்டத்துல கோல் 6 இன்னிங்ஸ், 1 எர்ன்டு ரன். ரெண்டும் சேத்து 12.667. 1 × 9 ÷ 12.667 = 0.71.

நிலா: வந்துருச்சு 👍 தோல்வி ஏன் யாங்கீஸ் பிட்சர் கேன்லி பேர்ல? ரெண்டு சாக்ரிஃபைஸ் ஃப்ளையும் (தான் கேட்ச் அவுட் ஆகி ரன்னர உள்ள கொண்டுவர்ற அடி) அடுத்து வந்த வீவர் போட்ட பந்துல வந்ததுதானே?

கார்த்தி: 8-வதுல யாங்கீஸ் 6-5 முன்னாடி இருந்தாங்க. கேன்லி ஒரு அவுட்டும் எடுக்காம பேஸ ஃபுல் ஆக்கிட்டுப் போனாரு. ரன்னர யார் ஏத்தி விட்டாங்களோ ரன் அவங்க கணக்கு. லக்ஸ் ஃப்ளைல 6-6. ஓட்டானி பேட்டுல கேட்சர் வெல்ஸோட க்ளவ் இடிச்சுது, அவருக்கு முதல் பேஸ், வெல்ஸுக்கு எரர், திரும்ப பேஸ் ஃபுல். பெட்ஸ் ஃப்ளைல எட்மன் உள்ள வந்தாரு, அதான் ஜெயிச்ச ரன்.

பிரியா அக்கா: எனக்கு டாட்ஜர்ஸ் பிட்சர் ட்ரைனன்தான் ஹீரோ. 7 அவுட்! 8-வதுல ஜட்ஜ் டபுள், சிஷோம் வாக் (அடிக்காமலே முதல் பேஸ்). அப்பவும் ஸ்டான்டன ஃப்ளைல எடுத்து, ரிஸோவ ஸ்ட்ரைக் அவுட் பண்ணாரு. வின் அவருக்கு, 9-வது போட்ட பியூலருக்கு சேவ் (முன்னிலையக் காப்பாத்துனதுக்கு).

சேகர் மாமா: பியூலர் 28-ஆம் தேதிதான் 3-வது ஆட்டத்துல ஸ்டார்ட்டரா 5 இன்னிங்ஸ் போட்டாரு. எம்விபி (சீரீஸோட சிறந்த ஆட்டக்காரர்) ஃப்ரீமன், 12 ஆர்பிஐ (அவரு அடியில வந்த ரன்). 1960-ல யாங்கீஸ் பாபி ரிச்சர்ட்சனும் 12, ஆனா அது 7 ஆட்டத்துல. இவருக்கு 5 போதுமா இருந்துச்சு.