10 வாட் சோலார் பேனலில் கரண்ட் அரை ஆம்பியரைத் தாண்டவில்லை

கேள்வி (கானாடுகாத்தான்):
வளவு முற்றத்தில் 10 வாட், 12 வோல்ட் பேனல் வைத்து, 5 வோல்ட் தரும் 7805 ஐசி போட்டு போன் சார்ஜ் செய்கிறேன். உச்சி வெயிலிலும் 0.5 ஆம்பியர்தான். ஐசியில் கை வைக்க முடியாத சூடு. பேனலின் பின்னால் 17.5 வோல்ட், 0.57 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அறைக்கு 15 மீட்டர் ஒயர் போகிறது. வேறு பேனல் வாங்காமல் கரண்டைக் கூட்ட முடியுமா?

பதில் (காரைக்குடி):
முடியும். பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, 7805தான் தின்கிறது. அது லீனியர் ரெகுலேட்டர். உள்ளே போகிற ஆம்பியர்தான் வெளியேயும் வரும், மிச்ச வோல்ட் முழுக்கச் சூடாகப் போய்விடும். அதைக் கழற்றிவிட்டு எல்எம்2596 பக் கன்வர்ட்டர் போர்டு போடுங்கள். அது வோல்ட்டைக் குறைத்துக் கரண்டைக் கூட்டும். பேனலின் 10 வாட்டில் 80 சதவீதம்தான் வெளியே வரும் என்று வைத்தாலும் 8 வாட், அதாவது 5 வோல்ட்டில் 1.6 ஆம்பியர். வெயில் சூட்டில் 1.2 கிடைத்தாலே நல்லது.

போனைச் செருகும் முன் மல்டிமீட்டர் வைத்து, போர்டில் உள்ள ப்ரீசெட்டை (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை) திருப்பி 5.1 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். மறந்தால் போன் போய்விடும். யூஎஸ்பி சாக்கெட்டின் நடுவில் உள்ள இரண்டு டேட்டா பின்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் பல போன்கள் 0.5 ஆம்பியருக்கு மேல் இழுக்காது.

பதில் (தேவகோட்டை):
போர்டை அறைக்குள், போன் பக்கத்தில் வையுங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் போக வர 30 மீட்டருக்கு ஏறக்குறைய 1.1 ஓம். 5 வோல்ட்டை அதில் அனுப்பினால் 1.2 ஆம்பியரில் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். போன் ஏறவே ஏறாது. பேனல் வோல்ட்டை அப்படியே அனுப்பினால் ஒயரில் ஓடுவது 0.57 ஆம்பியர்தான், இழப்பும் 0.6 வோல்ட்தான்.

முற்றத்தில் வைப்பதையும் விட்டுவிடுங்கள். 36 செல்லும் வரிசையாகக் கோத்தவை. தாழ்வாரத்து நிழல் ஒரு செல்லை மூடினாலே மொத்தக் கரண்டும் விழும். காக்கை எச்சத்துக்கும் அதே கதைதான். ஓட்டுக்கு மேல் ஏற்றுங்கள், ஆனால் ஓட்டோடு ஒட்டவேண்டாம். நாலு அங்குலம் காற்றோட வேண்டும். சூடேறினால் வோல்ட் இறங்கும். தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு நம் ஊருக்குப் போதும்.

கேள்வி (கானாடுகாத்தான்):
போர்டு மாற்றியதும் 1.3 ஆம்பியர் வருகிறது, மிக்க நன்றி. ஆனால் மேகம் கடந்த பிறகு 0.5-லேயே நின்றுவிடுகிறது. பிடுங்கிச் செருகினால் சரியாகிறது. ஏன்?

பதில் (காரைக்குடி):
வெயில் குறையும்போதும் போன் அதே வாட்டைக் கேட்பதால் பேனல் வோல்ட் 6, 7-க்குச் சரிந்து அங்கேயே மாட்டிக்கொள்கிறது. போனும் கரண்டைக் குறைத்துக்கொண்டு, மறுபடி செருகும்வரை ஏற்றுவதில்லை. நிலையான தீர்வு, சிஎன்3791 போர்டு, அதாவது சோலாரில் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யும் போர்டு. பேனலை அதன் நல்ல வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாது. 12 வோல்ட் பேனலுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். பகலில் 18650 லித்தியம் செல்லில் ஏற்றி, அதிலிருந்து, வோல்ட்டை 5-க்கு உயர்த்தும் பூஸ்ட் போர்டு வழியாகப் போனுக்குக் கொடுக்கலாம். செல்லை வீட்டுக்குள் நிழலில்தான் வைக்கவேண்டும். 45 டிகிரிக்கு மேல் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.