வயலின்: மூணாம் காலம் வரவே மாட்டேங்குது, எப்படி சாதகம் பண்றது?

தினமொரு_சரளி:
வணக்கம். 36 வயசுல வயலின் ஆரம்பிச்சேன், பத்து மாசம் ஆச்சு. சரளி, ஜண்டைன்னு ஆரம்பப் பாடங்களை முடிச்சு, தாளப் பயிற்சியான அலங்காரத்துல துருவ தாளத்துலயே நிக்கிறேன். ஆபீஸ் விட்டு வரவே எட்டரை ஆயிடும், அதனால ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல ரெண்டரை மணி நேரம் வாசிக்கிறேன். ரெண்டாம் காலம் (தட்டுக்கு ரெண்டு ஸ்வரம்) வரைக்கும் பரவாயில்ல, மூணாம் காலம் (தட்டுக்கு நாலு ஸ்வரம்) போனா காந்தாரம் ("க") அபஸ்வரமா விழுது, தாளமும் விட்டுப்போகுது. மறுபடி மறுபடி முதல்ல இருந்து வாசிச்சாலும் அதே இடத்துல தான் தடுக்குது. வழி சொல்லுங்க.

மந்தரபஞ்சமம்:
முதல்ல அந்த ஞாயித்துக்கிழமை கணக்கை விடுங்க. தினம் 20 நிமிஷம் போதும், ஆறு நாள் இடைவெளி விட்டா ஞாயிறு பாதி நேரம் விரல் இடத்தைத் தேடுறதுலயே போயிடும்.

காந்தாரத்துக்கு வரேன். இந்தப் பாடமெல்லாம் இருக்கிற மாயாமாளவகௌளை ராகத்துல சுத்த ரிஷபத்துக்கும் ("ரி") அந்தர காந்தாரத்துக்கும் ("க") நடுவுல ரெண்டு ஸ்வர ஸ்தானம் காலியா கிடக்கு, நடுவிரல் நல்லா எட்டிப் போகணும், ஆனா மத்யமம் ("ம") காந்தாரத்தை ஒட்டியே இருக்கு. வேகம் கூடினா நடுவிரல் எட்டாம கீழயே விழுந்துடும், உங்களுக்கு நடக்குறது அதுதான்னு நினைக்கிறேன். அதனால முழு அலங்காரத்தையும் வாசிக்காதீங்க, ஆட்காட்டி விரலை ரிஷபத்துல இருந்து எடுக்காம "ரி க ரி க" மட்டும் அஞ்சு நிமிஷம் தம்புரா ஆப் போட்டுக்கிட்டு மெதுவா வாசிங்க. பஞ்சமத் தந்தியில "த நி"க்கும் அச்சு அசல் இதே இடைவெளி தான், ஒண்ணு சரியானா இன்னொண்ணும் தானா வந்துடும்.

கோவை_ரசிகன்:
மேல சொன்னது ரொம்ப சரி. இன்னொண்ணு, மெட்ரோனோம் (சீரா தட்டு கொடுக்குற கருவி) எவ்வளவுல வைக்கிறீங்க? நிமிஷத்துக்கு 60 தட்டுல வச்சா ரெண்டாம் காலத்துல நிமிஷத்துக்கு 120 ஸ்வரம், மூணாம் காலத்துல 240, ஒரேயடியா டபுள். எந்தக் கையும் திணறும். மூணாம் காலத்துக்கு மட்டும் 35க்கு இறக்குங்க, 140 தான் வரும். தப்பில்லாம மூணு தடவை வந்தா ரெண்டு ரெண்டா ஏத்துங்க, தப்பு வந்தா கூச்சப்படாம இறக்கிடுங்க.

வில்லும்_விரலும்:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், வயலினை எடுக்கறதுக்கு முன்னாடி கையில தாளம் போட்டு வாயால பாடுங்க. துருவத்துல "சரிகம"ன்னு நாலு எண்ணிக்கை லகுவுக்கு அப்புறம் "கரி"ன்னு ரெண்டு எண்ணிக்கை திருதம் வருதே, அந்த திரும்புற இடத்துல தான் நிறைய பேர் தாளத்தை விடுறாங்க. வாய்ல நிக்காதது விரல்ல நிக்காது, எனக்கு ஒரு வருஷம் கழிச்சு தான் இது புரிஞ்சுது. அப்புறம் மூணாம் காலத்துக்கு முழு வில்லும் இழுக்காதீங்க, நடுப்பகுதியில நாலு விரல் அகலம் போதும்.

தினமொரு_சரளி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒன்பது நாளா தினம் காலைல காபிக்கு முன்னாடி 20 நிமிஷம், முதல்ல பாட்டு, அப்புறம் "ரி க", அப்புறம் 35ல மூணாம் காலம். நேத்து போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன், ஏறும்போது காந்தாரம் சுத்தமா நிக்குது, "மகரி"ன்னு இறங்கும்போது தான் இன்னும் ஸ்ருதி கொஞ்சம் கம்மியா கேக்குது. இப்ப 39ல இருக்கேன். இறங்குறதுக்கும் இதே மாதிரி "க ரி" தனியா எடுத்து வாசிக்கலாமா, இல்ல "ம க ரி"ன்னு சேத்து எடுக்கணுமா?

மந்தரபஞ்சமம்:
சேத்தே எடுங்க. மத்யமம் வாசிக்கும்போதே நடுவிரலும் காந்தாரத்துல உட்கார்ந்திருக்கணும், மோதிர விரலை எடுத்தாலே காந்தாரம் பேசும்.