"சலங்கை கட்டியதும் பத்து மூச்சு": இதை யார் கிளப்பிவிட்டது?

லயக்கிறுக்கன்:
பரதநாட்டியப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சலங்கை கட்டியதும் வேகமாக, ஆழமாகப் பத்து மூச்சு இழுத்து விட்டால் மேடை பயம் பறந்துவிடும்." எழுதின மகராசன் ஒட்டியாணத்தைக் கண்ணால் பார்த்திருப்பாரா? அப்படி இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், உதடு மரத்துப்போகும், விரல் நுனி குறுகுறுக்கும். அதோடு மேடையேறி, விரல்களை மலர்ந்த தாமரைபோல் விரித்து அலபத்மம் பிடித்தால் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும். அதைப் பயம் என்று நினைத்துப் பிள்ளை இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். நல்ல வைத்தியம்!

சலங்கைச்சத்தம்:
ஏன் சார் சுற்றி வளைக்கிறீர்கள்? அந்தச் செய்தியை இங்கே பகிர்ந்தது நான்தான். பத்து மூச்சு பல வகுப்புகளில் காலங்காலமாகச் சொல்லிக்கொடுப்பது. எண்ணிக்கொண்டிருந்தால் மனசு அடுத்த செஸ்ட் நம்பர் (போட்டியாளர் எண்) பக்கம் ஓடாது.

லயக்கிறுக்கன்:
அதென்ன பத்து? ஒன்பதில் பயம் பாக்கி நிற்குமா?

இயன்முறை_மணி:
எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூச்சு வெளியே போகும்போதுதான் இதயத் துடிப்பு இறங்கும். 4 விநாடி இழுத்து 6 விநாடி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு. இன்னொன்று, வயிற்றை எக்கிக்கொண்டு ஒட்டியாணம் கட்டாதீர்கள். மூச்சு வயிற்றுக்கு இறங்காமல் தோள்பட்டை மட்டும் ஏறி இறங்கும். மூச்சை நிறைய இழுத்து வைத்திருக்கும்போது கட்ட வேண்டும்.

சலங்கைச்சத்தம்:
அப்படியானால் பத்து மூச்சுக்கு 100 விநாடி. பத்து சரி என்று மணி சாரே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார், நன்றி.

இயன்முறை_மணி:
நான் எங்கே அம்மா பத்து என்றேன்?

வழுவூர்_வாசி:
அரைமண்டியை (முழங்கால் மடக்கிப் பாதி அமரும் நிலை) அளவுக்கு மீறித் தாழ்த்தும் பாணிக்காரர்களுக்குத்தான் இந்த மூச்சுப் பஞ்சாயத்து. எங்கள் வழுவூர்ப் பாணியில் நளினமாக ஆடுவோம்.

லயக்கிறுக்கன்:
வந்துவிட்டார். போன மாதம் பதவர்ணம் என்ற நடன வகை பற்றிய திரியிலும் இதே பாட்டு. பயத்துக்குப் பாணி தெரியாது ஐயா.

விஷயத்துக்கு வருகிறேன். எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் தாளத்தில் எண்ணட்டும். ஆதி தாளம் வேண்டாம். லகுவில் (ஒரு தட்டு, பிறகு விரல் எண்ணுவது) 4 இழுத்து இரண்டு த்ருதத்தில் (ஒரு தட்டு, ஒரு வீச்சு) 4 விட்டால் இரண்டும் சமமாகிவிடும். ரூபகம் பிடியுங்கள். த்ருதத்தில் 2 இழு, லகுவில் 4 விடு. எண்ணிக்கை விரலில் ஓடும், விடுவது தானாக நீளும்.

பழைய_நட்டுவாங்கம்:
ரூபகத்தை இன்று யார் ஐயா 2+4 ஆகப் போடுகிறார்கள்? இரண்டு தட்டு, ஒரு வீச்சு, மூன்றோடு முடிந்தது. பிள்ளை வகுப்பில் போடுவது ஒன்று, பக்கத்திரையில் எண்ணுவது ஒன்று என்றால் அதுவே புதுக் குழப்பம்.

லயக்கிறுக்கன்:
சதுஸ்ர ரூபகத்தின் (லகுவுக்கு 4 எண்ணிக்கை) அங்கம் த்ருதமும் லகுவும்தான். கச்சேரிப் பழக்கத்தை இலக்கணமாக்காதீர்கள்.

பழைய_நட்டுவாங்கம்:
இலக்கணம் உமக்கு, மேடை எங்களுக்கு. வைத்துக்கொள்ளும்.

இயன்முறை_மணி:
உண்மையில் பிள்ளைகளை உலுக்குவது நடுவில் ஜதி, அதாவது தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதி, மறப்பது. அதைப் பேசலாமா?

லயக்கிறுக்கன்:
பேசுவோம். எப்போதும் முதலிலிருந்தே பழகினால் ஒவ்வொரு அடவும் (ஆட்டத்தின் அடிப்படை அசைவு) முந்தைய அடவின் வாலைப் பிடித்தே வரும். ஒன்று நழுவினால் மொத்தமும் போச்சு. நேரில் நட்டுவனார் (தாளம் போட்டு ஆட்டத்தை நடத்துபவர்) இருந்தால் சொல்கட்டை, அதாவது தாளச் சொற்களை, இன்னொரு தரம் சொல்லிச் சமாளிப்பார், பென்டிரைவ் பாட்டு யாருக்காகவும் நிற்காது. அதனால் 8 நிமிட உருப்படியில் (ஒரு முழு நடனத்தில்) ஐந்து இடம் குறித்துக்கொள்ளுங்கள்: பல்லவி தொடங்கும் எடுப்பு, ஜதியை முடிக்கும் தீர்மானத்தின் தொடக்கம், இப்படி. சொல்லாமல் அந்த இடங்களிலிருந்து பாட்டை ஓடவிடுங்கள். ஒரு ஆவர்த்தனத்துக்குள் (தாளத்தின் ஒரு சுற்று) பிள்ளை சேர்ந்துகொள்ள வேண்டும். சேரும்வரை நாட்டியாரம்பக் கை (தோள் மட்டத்தில் நீட்டிய தொடக்க நிலை), அரைமண்டி, தாளத்தில் தட்டடவு (பாதம் தட்டும் அடவு). நடுவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆடி இறங்கினதும் காரிலேயே வீடியோவைப் போட்டுத் தப்பை எண்ணுகிற பெற்றோருக்குத்தான் மருந்தில்லை.

சலங்கைச்சத்தம்:
பெற்றோரைச் சொல்வது எளிது. மார்க் போடும் முறையைக் கேளுங்கள். கேரளப் பள்ளிக் கலோற்சவத்தில் அதிக மார்க் வாங்கும் மாணவி, மாணவருக்குத் தந்த கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களையே எடுத்துவிட்டார்கள். மார்க்கை எதிர்த்து அப்பீல் போவது நின்றதா?

வழுவூர்_வாசி:
மேடை பயத்துக்கெல்லாம் பிராப்ரனலால் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, படபடப்பு நிற்கும்.

இயன்முறை_மணி:
தயவுசெய்து இந்தப் பதிவை அழியுங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். டாக்டர் எழுதாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

வழுவூர்_வாசி:
நான் கொடுங்கள் என்றேனா? இருக்கிறது என்றேன்.

லயக்கிறுக்கன்:
நளினமாக நழுவுகிறார். சரி, "வேகமாக" என்று எழுதினது தப்பு என்று சலங்கை மேடம் ஒரு வரி எழுதட்டும், நான் போய்விடுகிறேன்.

சலங்கைச்சத்தம்:
உங்கள் ரூபகத்தையே எடுங்கள். ஒரு மூச்சுக்கு 6 விநாடி என்றால் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? பத்து!

லயக்கிறுக்கன்:
நான் கேட்டது வேகம்!

பழைய_நட்டுவாங்கம்:
முதலில் அது ரூபகமே இல்லை.