நோர்ட்லிங்கன்: கோபுரத்திலிருந்து ஒரு குரல்

ஜெர்மனியில் பழைய ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ரோத்தன்பர்க்கில் போய் நிற்பார்கள். நானும் போயிருக்கிறேன், அழகான ஊர்தான். ஆனால் என் மனசில் தங்கிவிட்டது அதற்குத் தெற்கே இருக்கும் நோர்ட்லிங்கன். டோனாவொர்த்தில் ரயில் மாறிப் போனேன். ஒரு பகல் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் மதில். 2.7 கி.மீ. நீளம், எங்கும் அறுபடாத வட்டம், ஐந்து வாசல்கள். மதில் மேலேயே ஓடு வேய்ந்த நடைவழி இருப்பதால் மழையில் நனையாமல் ஊரை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். தலைக்கு மேலே மர உத்தரங்கள். வெளிப்பக்கம் அம்பு விடும் துளைகள், உள்பக்கம் எட்டிப் பார்த்தால் வீடுகளின் கொல்லைப்புறம். மதிலையே பின்சுவராக வைத்துக் கட்டிய சின்னச் சின்ன வீடுகளும் உண்டு. ஒரு வீட்டு வாசலில் தக்காளிச் செடி, கொடியில் போர்வை. இந்த மதில் காட்சிப்பொருளாக இல்லாமல் குடியிருப்பின் பகுதியாக இருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

1327-இல் மன்னர் நான்காம் லுட்விக் உத்தரவில் தொடங்கிய மதில் இது. அதற்கு முந்தைய சிறிய மதில் இப்போது இல்லை, ஆனால் அது நின்ற தடம் ஊருக்குள் வட்டத் தெருவாகவே இருக்கிறது. ஏகர் ஓடைப் பக்கம் தோல் பதனிட்டவர்களின் வீடுகளையும் பார்த்தேன். தோலைக் காயப்போட மேல்மாடியில் காற்றோட்டமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் எப்படி மிஞ்சியது? முப்பதாண்டுப் போரில், 1634-இல், இந்த ஊருக்கு வெளியேதான் பெரிய சண்டை நடந்தது. முற்றுகை, பட்டினி, கொள்ளைநோய் எல்லாம் சேர்ந்து ஊரை நொடித்துவிட்டன. பழைய வியாபாரச் செழிப்பு திரும்பவே இல்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் கையில் காசு இல்லை, அதனால் பழையது நின்றது.

அப்புறம் புனித ஜார்ஜ் தேவாலயம். அதன் கோபுரத்தை ஊர்க்காரர்கள் ‘டானியல்’ என்கிறார்கள். சுமார் 90 மீட்டர், 350 படிகள். ஏறும்போது சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறக் கல், நடுநடுவே கறுத்த கண்ணாடித் துண்டுகள் மாதிரி ஏதோ பதிந்திருந்தது. அதன் பெயர் சூவைட். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய வேகத்தில் பாறை உருகி, நொறுங்கி, கலந்து உறைந்த கல். ஊரே அந்த மோதலில் உண்டான பள்ளத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தின் குறுக்களவு சுமார் 24 கி.மீ.

வெகுகாலம் இதை எரிமலை வாய் என்றே பலர் நம்பினார்கள். 1960-இல்தான் யூஜின் ஷூமேக்கர், எட்வர்ட் சாவோ என்ற இரண்டு புவியியலாளர்கள் இங்குள்ள கல்லில், பயங்கரமான அழுத்தத்தில் உண்டாகும் கோயசைட் என்ற கனிமம் இருப்பதைக் காட்டி, இது விண்கல்லின் வேலை என்று நிறுவினார்கள். 1970-இல் அப்போலோ 14 விண்வெளி வீரர்கள் பாறைகளைப் படிக்க இங்கே வந்தார்கள். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வைரங்களும் இருக்கின்றன. 1427-இல் தேவாலயத்தைக் கட்ட ஆரம்பித்த கொத்தர்களுக்கு இது பக்கத்தில் கிடைத்த கல், அவ்வளவுதான்.

மாலையில் வைன் சந்தைத் திடலில் மரியா ஹோல் நினைவு நீரூற்றைப் பார்த்தேன். விடுதி நடத்திய பெண். சூனியக்காரி என்று பிடித்து 62 முறை சித்திரவதை செய்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1594-இல் விட்டுவிட்டார்கள். அதற்கு முன் எத்தனையோ பெண்களை எரித்திருந்தார்கள். அழகான வீடுகளுக்கு நடுவே இதையும் மறைக்காமல் வைத்திருக்கிறார்களே என்று அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்கு எங்கோ மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். நாயோடு வந்த ஒரு பாட்டி நின்று, “கோபுரக் காவலர்தான். அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிடுவார்” என்றார்.

“என்ன சொல்கிறார்?”

“ஸோ, க்ஸெல், ஸோ. அப்படியா தோழா, அப்படியா என்கிற மாதிரி.”

அவரே கதையும் சொன்னார். 1440-இல் எதிரிப் பிரபு ஒருவர் லோப்சிங்கர் வாசல் காவலர்களுக்குக் காசு கொடுத்துக் கதவைப் பூட்டாமல் விடச் செய்தாராம். ராத்திரி ஒரு பன்றி கதவில் உடம்பைத் தேய்க்க, கதவு அசைந்தது. அதைக் கண்ட பெண் போட்ட சத்தம்தான் இந்த வார்த்தை.

“பன்றி கதை நிஜமா?” என்றேன்.

“நிஜமோ இல்லையோ, என் அம்மா சொன்னது. நான் பேரனுக்குச் சொல்லியாயிற்று” என்றார்.

பத்தரைக்கு அவரோடு சேர்ந்து கேட்டேன். அவர் போன பிறகும் பன்னிரண்டு வரை நின்று மிச்ச மூன்றையும் கேட்டேன். நீங்கள் போனால் பத்து மணிக்கு முன்பே கோபுரத்தடிக்கு வந்துவிடுங்கள். முதல் குரலை நான் சரியாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை.