முன்சில்லு இழுக்கும் வான் லோடோடு ஏற்றத்தில் ஏறுதில்லை. பின்சில்லு வானுக்கு மாறலாமா?

ஸ்காபரோ_ரைல்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் ரைல்ஸ் பதிக்கும் வேலை செய்கிறேன். வான் 2019 றாம் புரோமாஸ்ரர் 2500, உயரக் கூரை, 159 அங்குல வீல்பேஸ். கோடையில் ஒரு குறையும் இல்லை. பனி விழத் தொடங்கியதும்தான் கரைச்சல். ரைல் பெட்டிகளும் பசைச் சீமெந்து மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு சரிவான ட்ரைவ்வேயில் ஏறப் போனால், முன்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. வெறும் வானாகப் போனால் அதே இடத்தில் ஏறிவிடுகிறது! பாரம் கூடினால் பிடிப்பும் கூடத்தானே வேண்டும்?

இதை விற்றுவிட்டுப் பின்சில்லு இழுக்கும் ஃபோர்ட் ட்ரான்சிற் ஒன்று எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் வேலை முழுக்க இந்த வானை நம்பித்தான்.

பிரம்ரன்_டெலிவரி

எடுங்கள் அண்ணா. நான் ஓட்டுவது ட்ரான்சிற். பாரம் ஏற்றினால் பின்சில்லு அமர்ந்து பிடிக்கும், ஏற்றத்தில் தயங்காது. பாரம் தூக்குகிறவர்களுக்குப் பின்சில்லுதான் சரி.

கராஜ்_அண்ணை

தம்பி, விற்கிறதுக்கு முதல் இரண்டு கேள்வி. ரைல்ஸை வானுக்குள் எந்த இடத்தில் வைக்கிறீர்கள்? போட்டிருப்பது என்ன ரயர்?

பிரம்ரன் தம்பி சொன்னது லோட் இருக்கும்போது உண்மை. லோடை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பும்போது கதை மாறும். பின்சில்லு வானில் என்ஜினும் கியர்பொக்ஸும் முன்னால், இழுக்கிற சில்லு பின்னால். பின்பக்கம் பாரமே இல்லாமல் கிடக்கும். அதனால்தான் பனிக்காலத்தில் பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டை கட்டி ஓட்டுகிறார்கள். முன்சில்லு வானில் அந்த மணல் மூட்டையால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஸ்காபரோ_ரைல்ஸ்

நன்றி அண்ணா. ரயர் ஓல் சீசன்தான் (வருடம் முழுக்க ஓடும் வகை), வாங்கும்போது இருந்தது. ரைல்ஸ் எடுக்கும் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட்காரர் பலகையோடு தூக்கிப் பின்கதவுக்குள் வைத்துவிடுவார். அது அப்படியே அங்கேதான் இருக்கும். முன்பக்கம் தட்டுகளும் வெட்டும் மெஷினும் இருக்கின்றன. ஒரு வேலைக்கு 600 கிலோ அளவில் வரும்.

கராஜ்_அண்ணை

விஷயம் அதுதான். வானில் பழுது ஒன்றும் இல்லை. கணக்கைப் பாருங்கள்.

159 அங்குலம் என்றால் இரண்டு அச்சுக்கும் இடையே 404 சென்ரிமீற்றர். பலகை பின்கதவோடு ஒட்டி இருந்தால் அதன் நடுப்பகுதி பின் அச்சுக்கும் பின்னால், ஒரு 30 சென்ரிமீற்றரில் நிற்கும். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் பாரம் அலவாங்கு போலத்தான், பின்னால் அமத்த முன்பக்கம் எழும்பும். 600 × 30 ÷ 404. கிட்டத்தட்ட 45 கிலோ முன்சில்லில் இருந்து கழன்றுவிடுகிறது. மேலே இழுக்கவேண்டிய மொத்தப் பாரமோ 600 கிலோ கூடியிருக்கிறது. ஏற்றத்தில் ஏறும்போது சரிவே இன்னும் கொஞ்சப் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். முன்சில்லு சுற்றாமல் என்ன செய்யும்?

அதே 600 கிலோவை றைவர் சீற்றுக்குப் பின்னால், தடுப்புப் பக்கமாக, பின் அச்சில் இருந்து 2 மீற்றர் முன்னுக்கு வையுங்கள். 600 × 200 ÷ 404, ஏறத்தாழ 300 கிலோ முன்சில்லில் ஏறும். இடம் மாற்றினதுக்கே 340 கிலோ வித்தியாசம். அந்தத் தட்டுகளையும் மெஷினையும் பின்னுக்குக் கொண்டுபோங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் முன் அச்சுக்கு எவ்வளவு பாரம் அனுமதி என்று இருக்கும், அதைத் தாண்டாமல் பாருங்கள்.

மொன்றியல்_வாசி

ரயரைப் பற்றி நான் சொல்கிறேன். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை ஸ்னோ ரயர் சட்டம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை என்பதால் பலர் ஓல் சீசனிலேயே காலம் தள்ளுகிறார்கள். வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். மலையும் அதற்குள் பனித்துகளும் உள்ள குறி இருக்கிற ரயராக, நாலு சில்லுக்கும் போடுங்கள். முன்னால் இரண்டுக்கு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் சறுக்கும். கார் ரயர் வேண்டாம், உங்கள் வானின் பாரத்தைத் தாங்கும் வகை வேண்டும்.

இன்னொன்று. ஒன்ராறியோவில் ஸ்னோ ரயர் போட்டால் காப்புறுதியில் கழிவு தரவேண்டும் என்பது 2016 ஜனவரியில் இருந்து விதி. வியாபார வானுக்கும் கிடைக்குமா என்று உங்கள் புரோக்கரைக் கேளுங்கள்.

ஐஸில் நிற்பதற்கு எந்தச் சில்லு இழுக்கிறது என்பது உதவாது. பிரேக் நாலு சில்லிலும்தான். அங்கே ரயர் மட்டுமே காப்பாற்றும்.

லண்டன்_வான்காரன்

இங்கே ஐரோப்பாவில் ட்ரான்சிற்றே முன்சில்லு, பின்சில்லு இரண்டு விதமாகவும் வருகிறது. 2018-ல் வந்த மெர்சிடிஸ் ஸ்பிரின்ரரிலும் முன்சில்லு வகை உண்டு. அதன் தரை பின்சில்லு வகையைவிட 80 மில்லிமீற்றர் தாழ்வு, 50 கிலோ கூடுதலாக ஏற்றலாம். கீழே பின்சில்லுக்குப் போகும் நீளத் தண்டும், அதன் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குப் பிரிக்கும் டிஃபரென்ஷலும் இல்லாததன் பலன் அது. நாள் முழுக்கக் கையால் ஏற்றி இறக்குகிறவருக்கு இந்த உயரம் பெரிய விஷயம். முதுகு முக்கியம்.

பிரம்ரன்_டெலிவரி

அதை நான் மறுக்கவில்லை. வட அமெரிக்க ட்ரான்சிற்றின் தரை 28 அங்குல அளவில் வரும், புரோமாஸ்ரர் 21. ஆனால் கனத்த ட்ரெய்லர் இழுப்பதாக இருந்தால் பின்சில்லுதான் என்று இப்போதும் சொல்வேன். 2020 முதல் ட்ரான்சிற்றில் நாலு சில்லும் இழுக்கும் வகையும் இருக்கிறது.

கராஜ்_அண்ணை

ட்ரெய்லர் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. கொக்கியில் விழும் பாரமும் பின் அச்சுக்குப் பின்னால்தான் விழுகிறது. எந்த நாளும் ஒரு தொன்னுக்கு மேல் ஏற்றி ட்ரெய்லரும் இழுக்கிறவர் என்றால் நானும் பின்சில்லைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒரு வேலைக்கு 600 கிலோ, இறக்கிவிட்டு வெறும் வானோடு வீடு திரும்புகிறவர் என்றால் முன்சில்லை விடவேண்டாம்.

பழைய ட்ரான்சிற் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2015 முதல் 2017 வரையான வண்டிகளில் பின்னுக்குப் போகும் தண்டின் ரப்பர் இணைப்பு வெடிப்பதால் 2017-ல் திருப்பி அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததா என்று வண்டியின் அடையாள இலக்கத்தை (VIN) வைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஸ்காபரோ_ரைல்ஸ்

நல்லாய் விளங்குது அண்ணா. வானை விற்கவில்லை. தட்டுகளைப் பின்னுக்கு மாற்றி, ரயரும் போடுகிறேன். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் பின்கதவு வரைக்கும்தானே வரும், 600 கிலோவை எப்படி முன்னுக்குக் கொண்டுபோவது? அவசரத்துக்கு ஏற்றத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

கராஜ்_அண்ணை

உங்கள் வானுக்குப் பக்கக் கதவு இருக்கிறதே, அந்த வழியாக வைக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் பெட்டி பெட்டியாகக் கையால் முன்னுக்கு மாற்றவேண்டியதுதான். எப்படி வைத்தாலும் தரை வளையங்களில் பட்டி போட்டு இறுக்கிக் கட்டுங்கள், தடுப்பை நம்பி விடவேண்டாம். பிரேக் அடித்தால் அந்தப் பாரம் முழுக்க உங்கள் முதுகுக்குத்தான் வரும்.

ஏற்றத்தில் நின்றுவிட்டால், இடம் பார்த்து வானைத் திருப்பி பின்பக்கமாக ஏற்றிப் பாருங்கள். அப்போது முன்சில்லு சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும், பாரம் அதன் மேல் சாயும். தெரு வெறுமையாக இருந்து, பின்னால் ஒரு ஆள் நின்று சைகை காட்டினால் மட்டும் செய்யுங்கள்.