மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: உங்கள் வீட்டு வாசலில் என்ன நடந்தது?

ஓய்வுபெற்ற ஆசிரியை, ராமநாதபுரம் மாவட்டம்:
2011 பிப்ரவரியில் எங்கள் பள்ளியில் பல பேரைக் கணக்கெடுப்புப் பணிக்குப் போட்டார்கள். படிவத்தில் 29 கேள்விகள். என்னைத் திணறடித்தது "வீட்டில் யார் யார்?" என்பதுதான். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் ஊர். பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க வெளியிலேயே இருப்பவரை எழுதக் கூடாது என்பது விதி. ஒரு அம்மா விடவே இல்லை. "அவன் அனுப்புற காசுலதான் வீடே நிக்குது. அவன் பேரை விட்டுட்டு என்ன கணக்கு டீச்சர்?" குடும்பத் தலைவர் யார் என்றாலும் துபாயில் இருக்கும் மகன் பெயர்தான். கடைசியில் அந்த அம்மாவையே தலைவராகப் போட்டேன். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வயது இன்னொரு கூத்து. "தனுஷ்கோடி புயல் அடிச்சப்ப மூத்தவன் கைப்பிள்ளை" என்பார்கள். புயல் 1964 டிசம்பர். அங்கிருந்து கூட்டிக் கழித்து ஒரு வயதைப் போட வேண்டியதுதான்.

திருச்சி வாசகர்:
எங்கள் வீட்டில் 2010-ல், கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் எடுக்க வந்தபோதுதான் வேடிக்கை. டிவி இருக்கிறதா என்றதும் பாட்டி "இல்லை" என்றார், ரேஷன் அட்டையில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம். அரசு கொடுத்த இலவச டிவி பின்னால் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது!

ஆசிரியை:
அந்தப் பயம் எல்லா இடத்திலும் உண்டு. 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி நாங்கள் எழுதுவது ரகசியம், நீதிமன்றத்தில்கூடச் சாட்சியமாக வைக்க முடியாது. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

மதுரை வாசகர்:
2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதியும் கேட்பார்களாமே?

ஆசிரியை:
ஆமாம், சுதந்திரத்துக்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதுதான் முதல் முறை. 2011-ல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டும்தான் சாதிப் பெயர். மற்றவர்கள் "எங்களுதை எழுதலையா?" என்று கோபித்துக்கொள்வார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் கேட்கிற விதம் முக்கியம். 2011-ல் தனியாக எடுத்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில், சொன்னதைச் சொன்னபடி எழுதியதில் 46 லட்சத்துக்கும் மேல் சாதிப் பெயர்கள் வந்தன, 1931 கணக்கெடுப்பில் 4,147-தான். ஒரே சாதிக்கு ஊருக்கு ஊர் எழுத்து மாறும், பட்டம் மாறும், உட்பிரிவு வேறு. இந்த முறை சாதிப் பெயர்ப் பட்டியலை முன்பே கையில் கொடுத்துவிட்டால்தான் வாசலில் நிற்கும் டீச்சர் பிழைப்பார்.