ஸ்டால் ஸ்பீடு: தேக்கவேகமா, முட்டுவேகமா?

அன்புள்ள குழுவினருக்கு,
அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) கார்களை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவோருக்கு, தானியங்கி கியர்பெட்டி தேர்ந்தெடுக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1964இல் வந்த டர்போ 400 என்ற கியர்பெட்டிக்கு மூன்று கியர், முதல் கியர் விகிதம் 2.48, 1982இல் வந்த 700ஆர்4க்கு நான்கு கியர், முதல் விகிதம் 3.06. இதுவரை தடையில்லை. எஞ்சின் விசையை எண்ணெய் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை 'முறுக்குவிசை மாற்றி' ஆக்கிவிட்டேன். 'ஸ்டால் ஸ்பீடு' மட்டும் பிடிபடவில்லை. 'திணறல் வேகம்' சரிவருமா?

மறுமொழி:
தம்பி, திணறல் வேண்டாம். எஞ்சின் அங்கே திணறவில்லை. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். அதன் இறக்கையைப் பிடித்துக்கொண்டாலும் முதல் விசிறி நிற்காது. முறுக்குவிசை மாற்றிக்குள் முதல் விசிறி எஞ்சின் பக்கம், மற்றது கியர்பெட்டி பக்கம், காற்றுக்குப் பதில் எண்ணெய். பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் எஞ்சின் சுழற்சி காட்டும் முள் ஏறி, நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று வையுங்கள், அங்கே நின்றுவிடும். அந்த எண்தான் ஸ்டால் ஸ்பீடு. சில நொடிக்கு மேல் பிடித்தால் எண்ணெய் சூடேறிக் கெடும். போக்கிடமில்லாமல் விசை தேங்குகிறது. ஆகவே 'தேக்கவேகம்'. பல்லிணை என்ற சொல் இருக்கக் கியர் எதற்கு?

மறுமொழி:
ஐயா, தேக்கம் என்றால் அணைதான் நினைவுக்கு வரும். தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பாருங்கள். வடத்தில் இழுவிசை இருக்கும், சக்கரம் நகராது. இங்கே நடப்பதும் அதுவே: 'முட்டுவேகம்'. முட்டு, மூட்டு, முட்டுப்பாடு எல்லாம் ஒரே வேர். நிலம் கடலை முட்டும் இடமாதலால் முட்டம் என்ற ஊர்ப்பெயரும் இதில் பிறந்தது என்பது என் துணிபு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் நீரழுத்த பிரேக் பொருத்திய பிறகும் கட்டை போடுவோரின் வேலை ஓயவில்லை.

மறுமொழி:
வடசொல்லையே எழுத்து மாற்றி ஏற்கச் சொன்னவர் தொல்காப்பியர். பட்டறைப் பையன் 'ஸ்டால்' என்கிறான், அப்படியே எழுதுங்கள். அவனுக்கு வேண்டியது வேறு விவரம். ஒரே கன்வெர்ட்டரை வலுவான எஞ்சினுக்குப் பின்னால் மாட்டினால் இந்த எண் உயரும். கன்வெர்ட்டரின் மேல் பொறித்த எண்ணை நம்பி வாங்கக்கூடாது. பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சினுக்குக் கீழ்ச்சுழற்சியில் இழுவை இருக்காது, அதனால் உயர்ந்த ஸ்டால் வேண்டும். தினமும் சாலையில் ஓட்டுகிற வண்டிக்கு அதையே போட்டால் வெப்பம் கூடும். தனி எண்ணெய்க் குளிர்விப்பி தேவைப்படும். இதைத் தெளிவாக எழுதாத கையேட்டில் எந்தச் சொல் இருந்தாலும் பயனில்லை.

மறுமொழி:
அனைவருக்கும் நன்றி. 'முட்டுவேகம்' என்றே வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'ஸ்டால் ஸ்பீடு' என்று சேர்க்கிறேன். விசிறி உவமையையும் எடுத்துக்கொள்கிறேன். கியர் கியராகவே இருக்கட்டும் ஐயா, நேரமில்லை.

மறுமொழி:
உவமையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஆனால் முட்டுவது வெளியே பிரேக். உள்ளே விசை தேங்கத்தான் செய்கிறது. அடுத்த பதிப்பிலாவது 'தேக்கவேகம்' என்று மாற்றுங்கள்.